குளிருக்குப் பாஹா கடற்கரை, திரும்பும்போது அவசரம் வேண்டாம்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் கால்கரியில் இருக்கும் மூன்று குடும்பங்கள், எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். வரும் குளிர்காலத்தை மெக்சிகோ கடற்கரையில் கழித்துவிட்டு, மூன்று ஆர்.வி.களிலும், அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ளேயே இருக்கும் வண்டிகளில், ஒன்றாகவே வடக்கே திரும்ப வேண்டும். எங்கே தங்குவது, எந்த வழியாகத் திரும்புவது, பயமில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான்கு குளிர்காலம் அப்படிப் போய் வந்தவன் என்ற முறையில் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன். திரும்பும் பயணத்தை முதலில் திட்டமிடுங்கள். போகும்போது எல்லோரும் உற்சாகமாக இருப்பார்கள், சின்னத் தவறுகளை வெயில் மறக்கடித்துவிடும். திரும்பும்போது நிலைமை வேறு. பணம் குறைந்திருக்கும், ஐந்து மாதம் அடுத்தடுத்து இருந்ததில் சில மனத்தாங்கல்கள் சேர்ந்திருக்கும், பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஒருவர் அவசரப்படுவார். வடக்கே இன்னும் பனி கொட்டிக்கொண்டிருக்கும். நண்பர்கள் பிரிவதும் வண்டிகள் கெடுவதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். திரும்புவதற்கு முழுதாக ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

எங்கே தங்குவது? மெக்சிகோவின் மேற்குக் கரையில் இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, அரிசோனாவின் எல்லையில் உள்ள நொகாலெஸிலிருந்து 15ஆம் நெடுஞ்சாலையில் எர்மோசியோ, குவாய்மாஸ், குலியாகான் வழியாக மசாத்லான் வரைக்கும், அதற்கும் தெற்கே நயாரித் கரைக்கும் போவது. மசாத்லான் அருமையான ஊர். நீளமான கடற்கரை நடைபாதை, குன்றின் மேல் கலங்கரை விளக்கம், இறால் சந்தை எல்லாம் உண்டு. கனடாக்காரர்கள் பல பத்தாண்டுகளாக அங்கே போய் வருகிறார்கள். ஆனால் அந்த வழி சினலோவா மாநிலத்தை நீளவாக்கில் கடக்கிறது. 2024 செப்டம்பரிலிருந்து குலியாகானைச் சுற்றிப் போதைக் கும்பலின் இரண்டு பிரிவுகள் மோதிக்கொண்டன. அதற்கு முன்பே, 2019 அக்டோபரிலும் 2023 ஜனவரியிலும், ஒரே நாளில் நகரச் சாலைகள் வண்டிகளைக் கொளுத்தி அடைக்கப்பட்டன. அமெரிக்க வெளியுறவுத்துறை அந்த மாநிலத்தைப் ‘போகாதீர்கள்’ என்ற நான்காம் நிலையில் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறது. முதல் முறை போகிற மூன்று குடும்பங்களை அந்தச் சாலையில் அனுப்ப எனக்கு மனம் வராது.

இரண்டாவது வழி பாஹா கலிபோர்னியா தீபகற்பம். உங்களுக்கு என் பரிந்துரை இதுதான். இங்கே வண்டிக்குத் தற்காலிக இறக்குமதி அனுமதி தேவையில்லை. சோனோரா மாநிலத்தைத் தாண்டி உள்நாட்டுக்குள் போகிறவர்களுக்குத்தான் அந்த அலைச்சல். ஒரே நெடுஞ்சாலை, எண் 1, வடக்கிலிருந்து தெற்கு முனை வரை சுமார் 1,700 கிலோமீட்டர். 1973இல்தான் முழுமையாகத் திறந்தார்கள். வழி தவற வாய்ப்பே இல்லை. ஆபத்து இங்கே அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2024 ஏப்ரலில் என்செனாதாவுக்குத் தெற்கே, ஆளில்லாத பசிபிக் கரையில் முகாமிட்டிருந்த மூன்று அலைச்சறுக்கு இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அதனால் வடபகுதியில் தனியான கடற்கரையில் இரவு தங்காதீர்கள், காசு கொடுத்து, ஆட்கள் இருக்கும் முகாமில் தங்குங்கள். இருட்டில் வண்டி ஓட்டாதீர்கள். இருட்டைத் தவிர்ப்பதற்குக் கொள்ளைக்காரர்களை விடப் பெரிய காரணம் மாடுகள். வேலியில்லாத சாலை, கருப்பு மாடு, இரவில் சூடு தாங்கும் தார். அவை அங்கேதான் வந்து படுக்கும்.

தங்கும் இடமாகக் கான்செப்சியோன் வளைகுடாவைச் சொல்வேன். முலெஹே என்ற சிற்றூருக்குத் தெற்கே, நெடுஞ்சாலை மலையிலிருந்து இறங்கும்போது பச்சையும் நீலமுமாய் ஒரு ஏரி மாதிரித் தெரியும், அதுதான். சாந்திஸ்பாக், எல் கொயோத்தே, எல் ரெகெசோன் என்று வரிசையாகச் சின்னச் சின்னக் கடற்கரைகள். எல் ரெகெசோனில் நீர் வற்றும்போது ஒரு மணல் திட்டு வெளியே வந்து எதிரே உள்ள தீவுக்கு நடந்தே போகலாம். தண்ணீர் விளிம்பிலிருந்து பத்தடியில் வண்டியை நிறுத்தலாம். ஓலை வேய்ந்த பந்தலை அங்கே பலாப்பா என்பார்கள். மாலையில் ஒருவர் வந்து அன்றைய வாடகையை ரொக்கமாக வாங்கிக்கொள்வார். மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. சூரியப் பலகையும் நல்ல மின்கலமும் உள்ளவர்களுக்குச் சொர்க்கம். இல்லாதவர்கள் முலெஹே ஆற்றங்கரையிலோ லொரேத்தோவிலோ மின்சார, தண்ணீர் இணைப்பு வசதியுள்ள முகாம் பார்த்துக்கொள்வது நல்லது. அங்கேயும் மின்னழுத்தம் ஏறி இறங்கும், அதனால் மின்காப்புக் கருவி இல்லாமல் செருகாதீர்கள்.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொன்னால் புரியும். காலையில் காற்று இருக்காது, கடல் எண்ணெய் மாதிரிக் கிடக்கும். படகுக்காரர் மீனோ மட்டியோ கொண்டுவருவார். காய்கறி வண்டி வரும், தண்ணீர் வண்டி வரும். குடிக்க 20 லிட்டர் குடுவைத் தண்ணீர்தான், அதைக் கராபோன் என்று கேட்டு வாங்க வேண்டும். சந்தையில் புளி கிடைக்கும், தேங்காய் கிடைக்கும், மாங்காயில் மிளகாய்ப் பொடியும் உப்பும் தூவி விற்பார்கள். பார்த்ததும் நம் ஊர் பள்ளிக்கூட வாசல் நினைவுக்கு வரும். அந்த மாமரமும் புளியும் 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களின் காலத்தில் ஆசியாவிலிருந்து அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தவை. துவரம்பருப்பு மட்டும் கையில் இருந்தால் சாம்பாருக்குக் குறைவில்லை.

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வடக்கிலிருந்து பலமான காற்று சில நாள் தொடர்ந்து அடிக்கும். நோர்த்தே என்று பெயர். கடல் நீர் குளிர்ந்துவிடும், பந்தல் ஓலை பறக்கும். இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலம் முழுக்க நீந்தலாம் என்று எண்ணிப் போகிறவர்கள் ஏமாறுகிறார்கள்.

முலெஹேயில் ஒரு பழைய சிறைச்சாலை இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். கைதிகள் பகலில் ஊருக்குள் போய் வேலை செய்துவிட்டு, மாலை ஆறு மணிக்குச் சங்கு ஊதியதும் தாங்களாகவே திரும்பி வருவார்களாம். போய்ப் பாருங்கள். அந்த ஊரின் நிதானத்தை அது புரியவைக்கும்.

காலம் என்று பார்த்தால், பசிபிக் புயல் பருவம் நவம்பர் கடைசி வரை. நவம்பர் முதல் வாரத்துக்கு முன் போகாதீர்கள். கிளம்புவதற்கு ஈஸ்டருக்கு முந்தைய வாரம்தான் எல்லை. செமானா சாந்தா என்ற அந்தப் புனித வாரத்தில் மெக்சிகோக் குடும்பங்கள் எல்லாம் கடற்கரைக்கு வந்துவிடுவார்கள். அது அவர்களுடைய கடல், அவர்களுடைய விடுமுறை. அதற்கு முன்பே இடத்தைக் காலிசெய்து கொடுப்பதுதான் மரியாதை. நீங்களும் மார்ச் நடுவிலேயே கிளம்பிவிட்டால் வழியில் திமிங்கிலங்களையும் பார்க்கலாம்.

காகிதங்களைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சுற்றுலா அனுமதி 180 நாள் வரை தருவார்கள். எத்தனை நாள் என்று எழுதுவது அதிகாரியின் கையில் இருக்கிறது, குறைத்து எழுதினால் அங்கேயே பணிவாகக் கேளுங்கள். எல்லையில் யாரும் உங்களை நிறுத்தி அதை வாங்கச் சொல்ல மாட்டார்கள், நீங்களாக இறங்கி அலுவலகத்துக்குள் போக வேண்டும். கனடா வண்டிக் காப்பீடு அங்கே செல்லாது. மெக்சிகோ நிறுவனத்தின் பொறுப்புக் காப்பீடு கட்டாயம், சட்ட உதவியும் சேர்ந்ததாக வாங்குங்கள். விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்று முடிவாகும் வரை ஓட்டுநரைப் பிடித்து வைக்க அங்கே சட்டத்தில் இடமுண்டு. மருத்துவக் காப்பீட்டில், இரத்த அழுத்தம், சர்க்கரை மாதிரி ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு எத்தனை மாதம் மருந்து மாறாமல் இருக்க வேண்டும் என்ற விதியை வரிவரியாகப் படியுங்கள். துப்பாக்கியோ தோட்டாவோ ஒன்றுகூட வண்டியில் இருக்கக் கூடாது. சூடோஎபிட்ரின் கலந்த சளி மாத்திரையும் அங்கே தடை. வீட்டு மருந்துப் பெட்டியை ஒரு முறை கொட்டிப் பாருங்கள்.

சரி, நண்பர்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றாகப் போவது என்றால் ஒட்டிக்கொண்டு போவது இல்லை. மூன்று பெரிய வண்டிகள் நெருக்கமாக ஓடினால் பின்னால் வரும் லாரிக்காரர் மூன்றையும் ஒரே மூச்சில் முந்தப் பார்ப்பார். அதுதான் அந்தச் சாலையின் மிகப் பெரிய ஆபத்து. ஒரு வண்டிக்கும் இன்னொன்றுக்கும் பத்து நிமிட இடைவெளி விடுங்கள். காலையில் அன்றைய சேரிடத்தையும், நடுவில் சந்திக்கும் ஒரே ஓர் எரிபொருள் நிலையத்தையும் பேசி முடிவுசெய்யுங்கள். பழுது பார்க்கத் தெரிந்தவர் கடைசியில் வரட்டும். முன்னால் போனவர் திரும்பி வருவது கடினம், பின்னால் வருகிறவர் எப்படியும் உங்களைக் கடந்துதான் போக வேண்டும். கையடக்க வானொலி ஒன்று ஒவ்வொரு வண்டியிலும் இருக்கட்டும். எல் ரொசாரியோவுக்கும் கெரேரோ நெக்ரோவுக்கும் இடையில் கைபேசிக்குப் பெரும்பாலும் சிக்னல் இல்லை.

ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டத் தெரிந்தவர் இருவர் இருக்க வேண்டும். இதை நான் கெஞ்சிக் கேட்பேன். எங்கள் குழுவில் ஒரு நண்பருக்கு வழியில் நெஞ்சுவலி வந்தது. அவர் மனைவி இருபது வருடம் காரே ஓட்டாதவர், அந்த வண்டியைத் தொட்டதே இல்லை. நண்பர் பிழைத்துக்கொண்டார், விமானத்தில் ஊருக்கு அனுப்பினோம். அவருடைய வண்டியை மற்ற இரண்டு குடும்பங்களும் மாறி மாறி ஓட்டி எல்லை சேர்த்தோம். அந்த நாட்களில் அந்த அக்கா தினமும் அழுதார், தனக்கு ஓட்டத் தெரிந்திருந்தால் யாருக்கும் பாரமாகியிருக்க மாட்டேன் என்று. குளிர்காலம் முழுவதும் நேரம் கிடக்கிறது. வாரம் ஒரு முறை வெறும் மணல்வெளியில் ஓட்டிப் பழகலாம்.

பணத்துக்குப் பொதுவாக ஓர் உண்டியல் வையுங்கள், ஆனால் சாப்பாட்டுக்கும் முகாம் வாடகைக்கும் மட்டும். எரிபொருளும் பழுதும் அவரவர் பாடு. ஒரு வண்டி குடிப்பதும் இன்னொன்று குடிப்பதும் ஒன்றல்ல, அங்கேதான் முணுமுணுப்பு ஆரம்பிக்கும். அப்புறம், ஐந்து நாளுக்கு ஒரு நாள் யாரும் யாரையும் எதற்கும் கூப்பிடாத நாளாக இருக்கட்டும். ஒரு குடும்பம் பிரிந்து முன்னால் போக நினைத்தால் விளக்கம் கேட்காமல் வழியனுப்புவோம் என்று கிளம்பும்போதே பேசிக்கொள்ளுங்கள். அப்படிப் பேசிக்கொண்ட குழுக்கள்தான் கடைசி வரை ஒன்றாக வந்து சேர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி வழி. வளைகுடாவிலிருந்து அமெரிக்க எல்லை சுமார் 1,000 கிலோமீட்டர். ஐந்து ஓட்ட நாட்கள், இடையில் மூன்று நான்கு ஓய்வு நாட்கள் வையுங்கள். ஒரு நாளில் 250 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம், பிற்பகல் மூன்று மணிக்குள் நிறுத்திவிடுங்கள். சாலை குறுகலானது, பல இடங்களில் வெள்ளைக் கோட்டைத் தாண்டியதும் பள்ளம். எதிரே லாரி வரும்போது பக்கக் கண்ணாடிகள் உரசும். வேகத்தைக் குறைத்து, கோட்டை ஒட்டி, பதறாமல் போக வேண்டும். வாடோ என்று பலகை இருந்தால் அது ஓடைப் பள்ளம். மழைக்குப் பிறகு அதில் தண்ணீர் ஓடினால் இறங்கவே கூடாது. ஊருக்குள் நுழையும் இடத்தில் தோப்பே என்ற வேகத்தடை எதிர்பாராமல் வரும்.

முன்னால் போகும் லாரி இடது விளக்கைச் சிமிட்டினால் ‘முந்திக்கொள், வழி காலி’ என்று அர்த்தம். ஆனால் அவர் இடப்பக்கம் திரும்பப் போகிறார் என்றும் அர்த்தம்! அதனால் உங்கள் கண்ணால் பார்க்காமல் அந்த விளக்கை நம்பாதீர்கள். நீங்கள் இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலப்பக்கம் ஒதுங்கி நின்று, சாலை காலியானதும் திரும்புங்கள்.

முதல் நாள் சாந்தா ரொசாலியா. 1885இல் பிரெஞ்சு நிறுவனம் ஒன்று செம்புச் சுரங்கத்துக்காக உருவாக்கிய ஊர். மர வீடுகள், இரும்புத் தகட்டுத் தேவாலயம். அதை ஈபல் கோபுரம் கட்டிய ஈபல் வடிவமைத்தார் என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள், உறுதியான சான்று இல்லை. ஊரைத் தாண்டியதும் குவெஸ்தா தெல் இன்பியெர்னோ, அதாவது நரக ஏற்றம். தாழ்ந்த கியரில் ஏறுங்கள், வெப்பமானியைப் பாருங்கள். அங்கிருந்து எரிமலைகளைக் கடந்து சான் இக்னாசியோ. பாலைவனத்தின் நடுவே திடீரென்று பேரீச்சந்தோப்பும் தண்ணீரும் வரும். சதுக்கத்தில் இந்திய லாரல் மரங்களின் நிழல், எதிரே 1786இல் கட்டி முடித்த கல் தேவாலயம். இங்கே இரண்டு இரவாவது தங்குங்கள்.

தங்கச் சொல்வதற்குக் காரணம் சாம்பல் திமிங்கிலங்கள். ஆர்க்டிக் பக்கத்துக் கடல்களிலிருந்து வந்து இந்தக் கரையின் உப்பங்கழிகளில் குட்டி போடுகின்றன. போக வர 16,000 கிலோமீட்டருக்கு மேல். சான் இக்னாசியோ கழியில் 1972இல் பச்சிகோ மயோரால் என்ற மீனவரின் படகருகே ஒரு திமிங்கிலம் வந்து நின்றது, பயந்துகொண்டே அவர் கையை நீட்டித் தொட்டார். அதுவரை அவற்றைப் பேய்மீன் என்று மீனவர்கள் ஒதுங்கிப் போனார்கள். இப்போது அனுமதி பெற்ற சிறு படகில் போனால் தாய்கள் குட்டியைப் படகை நோக்கித் தள்ளிக்கொண்டே வருகின்றன. ஆண்களும் தனிப் பெண்களும் முன்பே வடக்கே கிளம்பிவிடும். குட்டி வலுப்பெறும் வரை காத்திருந்து கடைசியில் கிளம்புபவை தாய்கள்தான். மார்ச் நடுவுக்குப் பிறகு நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் அவற்றைத்தான். என் மனைவி ஒரு குட்டியின் முகத்தைத் தொட்டுவிட்டு அன்று முழுக்கப் பேசவில்லை.

அடுத்தது கெரேரோ நெக்ரோ, உப்பளங்களின் ஊர். இங்கே டாங்கை விளிம்பு வரை நிரப்புங்கள். வடக்கே வியா ஹெசூஸ் மரியாவைத் தாண்டினால் எல் ரொசாரியோ வரை சுமார் 300 கிலோமீட்டருக்கு நம்பகமான நிலையம் இல்லை. நடுவில் கத்தாவின்யாவில் பீப்பாயிலிருந்து ஊற்றி விற்பார்கள், அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டீசல் வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியது: மெக்சிகோவில் பச்சைக் கைப்பிடி பெட்ரோல், கருப்புதான் டீசல். பம்பு பூச்சியத்தில் நிற்கிறதா என்று இறங்கிப் பாருங்கள், ஊற்றுபவருக்குச் சில பெசோ கொடுங்கள். வண்டி நின்றுவிட்டால் 078, ஆங்கெலெஸ் வெர்தெஸ் என்ற அரசின் பச்சை வண்டிகள் வரும். உழைப்புக்குக் காசில்லை, உதிரிபாகத்துக்கு மட்டும்.

கத்தாவின்யாவின் பாறைகள் யானை யானையாகக் கிடக்கும். நடுவில் தலைகீழாய் நட்ட கேரட் மாதிரி சீரியோ மரங்கள். அங்கே மாலை வெயிலில் நிற்பதற்காகவே ஒரு நாளைக் குறைத்து ஓட்டலாம். பெரிய வண்டிக்காரர்கள் கத்தாவின்யா வரை போகாமல், அதற்குத் தெற்கே சப்பாலாவில் பிரிந்து 5ஆம் நெடுஞ்சாலையில் சான் பெலீப்பே, மெக்சிகாலி என்று போகலாம். அண்மை ஆண்டுகளில்தான் முழுக்கத் தார் போட்டார்கள், அகலமும் அதிகம். நிலையங்கள் குறைவு, அதனால் டாங்குக் கணக்கு முக்கியம். சின்ன வண்டிக்காரர்கள் சான் கின்தீன், என்செனாதா, திராட்சைத் தோட்டங்களுள்ள குவாதலூப்பே பள்ளத்தாக்கு வழியாகத் தெகாத்தே எல்லைக்குப் போகலாம். மூன்று வண்டியும் இங்கே இரண்டு வழியாகப் பிரிந்து கலிபோர்னியாவில் சேர்ந்தாலும் தவறில்லை.

இராணுவச் சோதனைச் சாவடிகள் நான்கைந்து வரும். வடக்கே போகும் வண்டிகளைத்தான் அதிகம் பார்ப்பார்கள். இளம் பையன்கள், மரியாதையாக இருப்பார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வணக்கம் சொல்லுங்கள், வண்டிக்குள் பார்க்க வரும்போது உங்களில் ஒருவர் கூடவே நில்லுங்கள்.

அமெரிக்க எல்லையில் நம் சமையலறைக்குத்தான் சோதனை. ஆரஞ்சு, மாம்பழம், கொய்யா, பச்சை முட்டை, பன்றி இறைச்சி கூடாது. முக்கியமாகக் கறிவேப்பிலை கூடாது. அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் சிறு பூச்சி அதில் தங்கும். ஒரு கொத்தை மறைத்து வைத்து அபராதம் கட்டாதீர்கள். இருப்பதை எல்லாம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், எடுத்து வீசிவிட்டு அனுப்பிவிடுவார்கள். நாய் இருந்தால் மைக்ரோசிப்பும் இணையப் படிவமும் வேண்டும், 2024 ஆகஸ்டிலிருந்து இது விதி.

எல்லையைத் தாண்டியதும் எல்லோருக்கும் வீட்டு ஞாபகம் வந்து ஒரே ஓட்டமாக ஓடத் தோன்றும். அங்கேதான் நிறுத்த வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்தில் கலிபோர்னியா, அரிசோனாப் பாலைவனங்கள் இதமாக இருக்கும். அரிசோனாவின் குவார்ட்சைட் பக்கத்து அரசு நிலங்களில் பத்து நாள் இருந்து வண்டியைக் கழுவி, டயரைப் பார்த்து, துணி துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு லாஸ் வேகாஸ், அங்கிருந்து 15ஆம் இன்டர்ஸ்டேட் என்ற அமெரிக்க நெடுஞ்சாலை. அது உங்களைக் கனடா எல்லையில் கூட்ஸ் வரை நேராகக் கொண்டுவிடும்.

ஆனால் உயரத்தைப் பாருங்கள். யூட்டாவில் செயின்ட் ஜார்ஜ் சுமார் 850 மீட்டர், அங்கே பூ பூத்திருக்கும். ஒரு மணி நேரத்தில் சீடர் சிட்டி, 1,750 மீட்டருக்கு மேல், இரவில் நீர் உறையும். ஐடஹோவும் மொண்டானாவும் சேரும் மொனைடா கணவாய் 2,000 மீட்டருக்கு மேல். ஏப்ரல் கடைசியிலும் பனிப்புயல் வரும். அதனால் செயின்ட் ஜார்ஜில் நின்று வானிலையைப் பாருங்கள். மூன்று நாள் தெளிவாக இருக்கும் என்று தெரிந்தால் மட்டும் மேலே ஏறுங்கள். அதற்கு முன் தண்ணீர்த் தொட்டியைக் காலிசெய்து, குழாய்களில் ஆர்.வி.களுக்கான இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவத்தை விட்டுவிடுங்கள். மீதி வழிக்குக் குடுவைத் தண்ணீர் போதும். ஐந்து மாதம் வெயிலில் இருந்த வண்டியில் ஒரே இரவில் குழாய் வெடித்து, தரை முழுக்க ஊறிப்போனதை என் கண்ணால் பார்த்தேன்.

கூட்ஸைத் தாண்டி லெத்பிரிட்ஜ் வரும்போது மேற்குக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கவாட்டில் அடிக்கும் காற்று உயரமான வண்டியைப் பக்கத்துத் தடத்துக்குத் தள்ளிவிடும். வீடு இரண்டரை மணி நேரம்தான் என்று தோன்றினாலும், எச்சரிக்கை இருந்தால் அன்றிரவு அங்கேயே மூன்று வண்டியையும் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்தி, மிச்சமிருக்கும் புளியில் ஒரு ரசம் வைத்துச் சாப்பிட்டுத் தூங்குங்கள். காலையில் காற்று அடங்கியதும் கிளம்பலாம்.